பயப்படுகிற நாளில்

05-03-2025, புதன்

இரவு மணி 1.40. சாம்பல் புதன் ஆராதனை முடிந்து வந்து பத்து மணிக்கே படுத்துவிட்டேன். தூக்கம்தான் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஓசூரில் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு பதினொன்றேகாலுக்குக் கிளம்பினார். கொச்சிக்குப் போகிற வண்டி. இந்நேரம் காரிமங்கலம் தாண்டியிருப்பார். எங்கள் வீட்டிலிருந்து பைபாஸ் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ராத்திரியில் காது கொடுத்தால் வண்டிச் சத்தம் கேட்கும். அதில் ஒன்று அவருடையது என்று நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

இன்னும் ஒரு மணி நேரத்தில் தொப்பூர். வெளியூர்க்காரர்களுக்கு அது ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். எங்களுக்கு அப்படி இல்லை. தருமபுரியிலிருந்து சேலம் போகிற பக்கம் கணவாய் முழுக்க இறக்கம். கட்டமேடு, இரட்டைப் பாலம் என்று சொன்னாலே இங்கே லாரி ஓட்டுகிறவர்கள் வீட்டுப் பெண்களுக்கு வயிறு பிசையும். ஜனவரியில் ஒரு ராத்திரி அங்கே வண்டிகள் மோதிக்கொண்டபோது அவர் இருபது நிமிஷம் பின்னால் வந்துகொண்டிருந்தார். எனக்கு அது தெரியாது. வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவில், எரிந்துகொண்டிருந்த லாரியின் நம்பர் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த பயம்.

இன்றிரவு மூன்று முறை போன் செய்துவிட்டேன். நாலாவது தடவை செய்யலாமா என்று போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

லெந்து என்கிற தவக்காலத்தின் நாற்பது நாளும் இந்த நோட்டில் எழுதி, அதை இங்கே பதிவதாகப் பொருத்தனை செய்திருக்கிறேன். என்னைப்போல் விழித்துக் கிடக்கிற யாராவது படிக்கட்டும்.

09-03-2025, ஞாயிறு

பெண்கள் ஜெபக்கூட்டத்தில் என் பயத்தைச் சொல்லி ஜெபிக்கக் கேட்டேன். ஒரு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "விசுவாசம் இருந்தா பயம் வராது தங்கச்சி. பயம் வருதுன்னா உள்ளுக்குள்ள எங்கேயோ விசுவாசம் குறையுதுன்னு அர்த்தம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் வீட்டுக்கு வரும்வரை அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. இதுவரை ஒரு பயம்தான் இருந்தது. இப்போது ஆண்டவர் என்மேல் வருத்தமாக இருப்பாரோ என்கிற பயமும் சேர்ந்துகொண்டது.

12-03-2025, புதன்

நேற்று ராத்திரி தாங்க முடியவில்லை. இரண்டே காலுக்கு அவர் போன் "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்றது. கணவாயில் சில இடங்களில் சிக்னல் கிடைக்காது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் நெஞ்சு படபடவென்று அடித்தது. கை விரல்கள் மரத்துப்போயின, மூச்சு பாதியிலேயே நின்றதுபோல் இருந்தது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். அத்தை எழுந்து வந்து என் முதுகைத் தடவிக்கொண்டே, "இயேசப்பா, இயேசப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கால்மணி நேரத்தில் அடங்கியது.

காலையில் அத்தையே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அத்தைக்கு முட்டி வலி. இந்தப் பக்கத்துக் கிணற்று நீரில் ஃப்ளூரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வருவதற்கு முன்னால் அந்தத் தண்ணீரையே குடித்து வளர்ந்த தலைமுறை; பல்லிலும் காவி ஏறியிருக்கும். அந்தக் காலோடு எனக்காக இரண்டு மாடி ஏறி இறங்கினார்.

ஈசிஜி எடுத்தார்கள், தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். ஈசிஜி நன்றாக இருக்கிறது. டாக்டர் சின்னப் பெண். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுக்குப் பேனிக் அட்டாக்னு பேரும்மா. பயங்கரமா இருக்கும், ஆனா உயிரை எடுக்காது. கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும்" என்றார். மூச்சை இழுக்கிற நேரத்தைவிட விடுகிற நேரம் நீளமாக இருக்கவேண்டும் என்று கூடவே செய்து காட்டினார். ராத்திரி காபி வேண்டாம், விபத்து வீடியோ பார்க்கவே வேண்டாம் என்றார். மனநலப் பிரிவில் ஒருமுறை காட்டச் சொல்லி சீட்டு எழுதித் தந்தார். ராத்திரியில் யாரும் இல்லையென்றால் 14416 என்ற நம்பருக்குப் பேசலாம். அது டெலிமானஸ் என்கிற அரசாங்க இலவச சேவை.

வெளியே வந்ததும் அத்தையிடம், "இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட வந்தது அவிசுவாசமா அத்தை?" என்று கேட்டேன். அவர், "எலியாவுக்கு என்ன கண்ணு நடந்துச்சு?" என்று திருப்பிக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து 1 இராஜாக்கள் 19 எடுத்து வாசித்தேன். யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழே படுத்து, சாகவேண்டும் என்று கேட்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் எதுவும் செய்யவில்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டு மறுபடியும் தூங்குகிறார். இரண்டாம் முறையும் அப்படியே. பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான், ஓரேப் மலையில். இத்தனை வருஷம் வாசித்தும் அந்த அடை என் கண்ணில் பட்டதில்லை.

மத்தியானம் அத்தை கிண்டிய ராகிக்களியும் கீரைக் கடைசலும் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் தூங்கினேன்.

16-03-2025, ஞாயிறு

தைராய்டு நார்மல். காபி ஒருவேளை மட்டும். வீடியோ வருகிற இரண்டு குரூப்பிலிருந்தும் வெளியே வந்துவிட்டேன்.

19-03-2025, புதன்

இன்று சாயங்கால லெந்து ஆராதனையில் ஆயர் 56-ம் சங்கீதம் எடுத்தார். "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" என்கிற வசனம் எங்கள் வீட்டு காலண்டரிலேயே இருக்கிறது. ஆனால் அதன் தலைப்பை நான் கவனித்ததே இல்லை. பெலிஸ்தர் தாவீதைக் காத் ஊரில் பிடித்தபோது பாடியது என்று போட்டிருக்கிறது.

காத் யாருடைய ஊர்? கோலியாத்துடைய ஊர். சவுலிடமிருந்து தப்பி ஓடுகிற தாவீது, நோபிலே ஆசாரியனிடம் வாங்கிக்கொண்டு போனது கோலியாத்தின் பட்டயம், அவன் வாள். அதாவது தான் கொன்ற ராட்சதனின் பட்டயத்தை வைத்துக்கொண்டு, அவனுடைய ஊருக்கே போய் நின்று, அங்கே ராஜாவைப் பார்த்து மிகவும் பயப்படுகிறான். பயத்தில் பைத்தியக்காரனைப்போல் நடிக்கிறான், வாசற்கதவைக் கீறுகிறான், தாடியில் நுரை வழிய நிற்கிறான். 1 சாமுவேல் 21-ல் எல்லாம் இருக்கிறது.

எத்தனை பெரிய ஜெயத்தைக் கண்டவன்! அதே கர்த்தர்தானே கூட இருந்தார்? ஆனாலும் பயந்தான். அந்தப் பயத்தை மறைக்காமல் பாட்டிலும் வைத்துவிட்டான். 'பயமே வராது' என்று அவன் பாடவில்லை. மூன்றாம் வசனத்தில் பயப்படுகிற நாள் இருக்கிறது, நாலாம் வசனத்தில் "நான் பயப்படேன்" இருக்கிறது. ஒன்றை அழித்துவிட்டு இன்னொன்று எழுதப்படவில்லை. ஆராதனையில் உட்கார்ந்தபடியே அழுதேன். அந்த அக்கா சொன்னது சரியில்லை. அவர் மனசு நல்லது, ஆனால் அந்த வார்த்தை சரியில்லை. பயந்தவர்களிடம் தயவுசெய்து யாரும் அப்படிச் சொல்லாதீர்கள்.

வீட்டுக்கு வந்து மீதியையும் வாசித்தேன். எட்டாம் வசனத்தில் அப்படியே நின்றுவிட்டேன். "என் அலைச்சல்களை தேவரீர் எண்ணியிருக்கிறீர்." பத்தொன்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறார். எத்தனை நடை, எத்தனை டோல்கேட், எத்தனை ராத்திரி என்று அவருக்கே கணக்கு கிடையாது. அலைச்சல் என்ற வார்த்தையே அவருக்காக எழுதியதுபோல் இருந்தது. அதற்கு அடுத்து என் கண்ணீரைத் துருத்தியில், தோல்பையில், வைக்கும்படி கேட்கிறது. ஒரே வசனத்தில் ஓட்டுகிறவரும் இருக்கிறார், விழித்திருக்கிறவளும் இருக்கிறாள்.

27-03-2025, வியாழன்

அவர் வீட்டில் இருக்கிறார். இரண்டு நாள் வண்டி சர்வீஸ்.

சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, தொப்பூரில் வண்டிகள் ஏன் அப்படிக் கவிழ்கின்றன என்று கேட்டேன். இத்தனை நாள் கேட்கவே பயந்த கேள்வி. அவர் நிதானமாகச் சொன்னார். சில பேர் டீசல் மிச்சமாகும் என்று இறக்கத்தில் நியூட்ரல் போட்டுவிடுகிறார்கள். கியரில் இருந்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும். நியூட்ரலில் விட்டால் அத்தனை டன் பாரமும் பிரேக்கின் தலையில். மிதித்துக்கொண்டே போனால் டிரம் சூடேறி, ஒரு கட்டத்துக்கு மேல் பிரேக் பிடிக்காது. "மேல இருக்கும்போதே சின்ன கியருக்கு வந்துடணும். பாதி இறக்கத்துல வந்து மாத்தலாம்னா கியர் விழாது. நான் பாளையம் டோல்கேட் தாண்டினதுமே தயாராயிடுவேன்" என்றார்.

அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. அந்த இறக்கத்துல நீ போன் பண்றப்பதான் எனக்குப் பயமா இருக்கு. எடுக்கலைன்னா நீ அழுவ. எடுத்தா ஒரு கை ஸ்டீரிங்ல இருக்காது" என்றார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. ஜனவரியிலிருந்து அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் செய்தது இதைத்தான். அவர் எந்த இடத்தில் பத்திரமாக இருக்கவேண்டும் என்று அழுது ஜெபித்தேனோ, சரியாக அந்த இடத்தில் போனை அடித்துக்கொண்டிருந்தேன். அக்கறை என்று நான் பெயர் வைத்திருந்தது, என் நெஞ்சு கொஞ்ச நேரம் அடங்குவதற்காக அவர் கையைக் கேட்டதுதான்.

"இனிமே ராத்திரி நான் பண்ணமாட்டேன்" என்றேன். அவர், "ஓமலூர் தாண்டி டீ குடிக்க நிறுத்துவேன். அப்ப நானே பண்றேன்" என்றார்.

02-04-2025, புதன்

நான் போன் செய்யாத முதல் ராத்திரி. பதினொன்றரைக்குக் கிளம்பியிருக்கிறார். பாளையம் டோல்கேட் வரும் நேரத்தில் என் கை தானாகப் போனுக்குப் போனது. எழுந்து போய் அத்தையின் பக்கத்தில் படுத்துக்கொண்டேன்.

அத்தை படுக்குமுன் செய்கிற ஜெபம் ரொம்பச் சின்னது. ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி "உம்ம கையில" என்பார். என் பெயர், பாப்பா பெயர், அவர் பெயர். வண்டி நம்பரையும் விடமாட்டார், "டி.என். இருபத்தொன்பது" என்று தொடங்கி முழுசாகச் சொல்வார். சொல்லி முடித்ததும் திரும்பிப் படுத்துவிடுவார். கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொள்ளாத ஜெபம். என் ஜெபம் அப்படி இல்லை. ஒரு மணி நேரம் மன்றாடிக் கொடுத்துவிட்டு, ஆமென் சொன்ன கையோடு திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தந்த மன்னா என்கிற உணவை, ஆண்டவர் அன்றன்றைக்குத்தான் பொறுக்கச் சொன்னார். நாளைக்கு என்று எடுத்து வைத்ததில் புழு வைத்தது. நான் நாளைக்கு, அடுத்த வாரத்துக்கு, பாப்பா கல்யாணம் வரைக்கும் பயத்தைச் சேர்த்து வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஒரு இறக்கம்தான். இந்த ஒன்றை மட்டும் கொடுக்கிறேன்.

4.20-க்கு அவரே போன் செய்தார். நான் விழித்துத்தான் இருந்தேன். ஆனால் மூச்சு சீராக இருந்தது.

18-04-2025, பெரிய வெள்ளி

பன்னிரண்டிலிருந்து மூன்று மணிவரை ஏழு வார்த்தை ஆராதனை. வெயில் கொளுத்தியது. அவரும் வந்திருந்தார், வருஷத்தில் இந்த ஒரு நாள் வண்டி எடுக்கமாட்டார்.

காலையில் மாற்கு 14 வாசித்தேன். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று இருக்கிறது. திகில். என் ஆண்டவரைப்பற்றித்தான் அந்த வார்த்தை. அவரிடம் பாவம் இல்லை, அவிசுவாசமும் இல்லை. ஆனாலும் அந்த ராத்திரியில் திகில் இருந்தது. அந்தத் திகிலோடேயே, தம்மோடு விழித்திருக்க மூன்று பேரைக் கேட்டார், தரையில் விழுந்து ஜெபித்தார், "அப்பா பிதாவே" என்று கூப்பிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு நான் கூப்பிடுகிறவர் அப்படி ஒரு ராத்திரியைக் கடந்து வந்தவர். இனி அவர் முன்னால் என் நடுக்கத்தை மறைக்கப்போவதில்லை.

20-04-2025, ஞாயிறு

ஈஸ்டர் அதிகாலை ஆராதனை. திருவிருந்து எடுத்தோம். நாற்பது நாள் முடிந்தது, ஆனாலும் எழுதுவதை நிறுத்த மனமில்லை. பள்ளி யூனிஃபார்ம் தையல் வேலை குவிந்துகிடக்கிறது, அதனால் அடிக்கடி முடியாது.

06-05-2025, செவ்வாய்

நாலரைக்கு வரவேண்டிய போன் வரவில்லை. ஐந்து, ஐந்தரை, ஆறு. ஆறேகாலுக்கு ஒரே ஒரு முறை நான் செய்தேன். சுவிட்ச் ஆஃப்.

படபடப்பு வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். இல்லை, பழைய மாதிரியே வந்தது, விரல் மரத்தது. ஆனால் இந்தமுறை அது என்னவென்று எனக்குத் தெரிந்திருந்தது. அடுப்படித் தரையில் உட்கார்ந்து மூச்சை நீளமாக விட்டேன். விடும்போதெல்லாம் "பயப்படுகிற நாளில்" என்று மட்டும் சொன்னேன். வசனத்தின் மீதி வாயில் வரவில்லை. அத்தை உள்ளே வந்து, என்னைப் பார்த்துவிட்டு, தன்னால் தரையில் உட்கார முடியாதென்று முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, "உம்மை நம்புவேன்" என்று முடித்தார். நான் பாதி, அவர் பாதி. எத்தனை முறை சொன்னோம் என்று தெரியாது.

அப்புறம் எழுந்து உலை வைத்தேன். பாப்பாவுக்குத் தலை வாரினேன். இரண்டு பாவாடைக்குப் பட்டி மடித்துத் தைத்தேன். கை நடுங்கியதால் ஒன்றைப் பிரித்து மறுபடி தைக்கவேண்டியிருந்தது.

8.50-க்குப் புது நம்பரிலிருந்து போன். அவிநாசி பக்கம் ஒரு கடையில் நிற்கிறாராம். சார்ஜர் வயர் அறுந்துவிட்டது.

"ரொம்ப பயந்துட்டியா?"

"பயந்தேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

"இனிமேதான்."

"முதல்ல சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் படுங்க. அப்புறம் வண்டிய எடுக்கலாம்."

அத்தை முக்காலியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். போனை அவரிடம் கொடுத்துவிட்டுக் களிக்கு மாவு எடுக்கப் போனேன்.