நொடித்துப் போதல்

சிறு வயதில், உறவினர் ஒருவரின் வணிகம் வீழ்ந்ததைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டபோது, "மனுசன் நொடிச்சுப் போயிட்டாரு" என்று முதன்முதலாகக் கேட்டேன். ஒரே நொடியில் எல்லாம் போய்விட்டது என்பதுதான் அதன் பொருள் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஆனால் அவர் வீழ்ந்ததோ பல ஆண்டுகளாக, சிறுகச் சிறுக.

நொடி, விரலை நொடிக்கும் செயலிலிருந்து காலத்துக்கு வந்த பெயர். "கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை" என்று எழுத்தொலியின் அளவைக் கூறும் தொல்காப்பியம், இமைப்பதையும் விரல் நொடிப்பதையுமே அளவுகோலாகக் கொள்கிறது. அந்த ஒரு நொடிப்பையும் இலக்கண மரபு நான்காகப் பகுத்துக் காட்டுகிறது: "உன்னல் காலே ஊன்றல் அரையே முறுக்கல் முக்கால் விடுத்தல் ஒன்றே." நொடிக்க நினைக்கும்போதே கால் பங்கு கழிந்துவிடுகிறது, விரலை ஊன்றி முறுக்கும்போது முக்காலும் முடிந்துவிடுகிறது, நம் காதில் விழுவது விடுக்கும்போது எழும் ஓசை மட்டுமே. இந்த வரியைப் படித்த அன்றுதான் அந்த உறவினரின் கதை எனக்கு விளங்கியது. கடை மூடப்பட்ட நாளில் ஊர் கேட்டது அந்தக் கடைசி ஓசையை. ஊன்றலும் முறுக்கலும் அவருக்குள் எப்போதோ நடந்திருந்தன.

அழிவு என்ற பொருளும் இச்சொல்லுக்குப் பழையதே. கயிலையைச் சுந்தரர் "நொடித்தான்மலை" என்று பாடுகிறார். ஏழாம் திருமுறையின் நூறாம் பதிகம் முழுவதும் அப்பெயர் ஒலிக்கிறது. அங்கே நொடித்தான் என்பவன் அழித்தல் தொழிலுக்குரிய இறைவன். பேச்சு வழக்கிலோ நொடித்துப் போனவர், தாமே அழிவுக்கு ஆளானவர். அழிப்பவனுக்கும் அழிந்தவருக்கும் ஒரே வினை பொருந்திவருவதை நான் வியப்போடுதான் பார்க்கிறேன். விரலின் நொடிப்பும் வாழ்வின் நொடிப்பும் ஒரே சொல்லின் இரு கிளைகள் என்பது என் துணிபு. முறுக்கம் தாங்காமல் சட்டென விடுபடுவது இரண்டிலும் உண்டு.

இன்று அந்த இடத்தில் திவால் என்ற சொல்லே பெரிதும் வழங்குகிறது. அது வடக்கிலிருந்து வந்து நன்கு வேரூன்றிய சொல். அதன்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் திவால் கணக்கேட்டைப் பற்றிப் பேசுகிறது. நொடித்துப் போனார் என்னும்போது, ஏட்டை மூடிவைத்துவிட்டுத் திண்ணையில் பேச்சற்று அமர்ந்திருந்த அந்த மனிதர் எனக்குத் தெரிகிறார்.