நேற்றைய நான், நாளைய நான்: நெட் உளவியலில் தன்னுருப் பகுதியைப் படித்த விதம்

உளவியலில் நெட் தேர்வு (கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு) எழுதுபவர்கள் பலர் தன்னுரு, அதாவது ‘நான்’ என்று ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் மனச்சித்திரம், குறித்த பகுதியை வில்லியம் ஜேம்ஸ், கார்ல் ரோஜர்ஸ் ஆகிய இரு உளவியலாளர்களோடு முடித்துக்கொள்கிறார்கள். இரண்டாம் தாளின் 100 வினாக்களில் பொருத்துக வகையும் இடம்பெறுவதால், அறிஞர் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்தால் போதும் என்று பயிற்சி வகுப்புகளிலும் சொல்லப்படுவதுண்டு. ஆனால் ஒரு கூற்றையும் அதற்கான காரணத்தையும் தந்து இரண்டும் பொருந்துகின்றனவா என்று கேட்கும் கூற்று-காரண வினா வந்துவிட்டால் வெறும் ஆண்டுகள் கைகொடுப்பதில்லை. எனவே, பழைய நானும் வரப்போகும் நானும் இன்றைய நானுக்கு எவ்வளவு அருகில் இருப்பதாக மனம் உணர்கிறது என்னும் ஒரே கேள்வியின்கீழ் இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தேன்.

முதலில் கடந்த காலம். நம் பழைய உருவைச் சற்று மட்டமாக மதிப்பிடுவதன் மூலம் இன்றைய உருவை உயர்த்திக்கொள்கிறோம் என்பதை ஆன் வில்சனும் மைக்கேல் ராஸும் 2001-இல் எடுத்துக்காட்டினர். 2002-இல் இவர்களே வெளியிட்ட ஆய்வு மாணவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. முந்தைய பருவத்தில் மிக அதிக மதிப்பெண் பெற்ற பாடத்தைச் சிலரும், மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற பாடத்தைச் சிலரும் நினைவுகூர்ந்தபோது, சுயமதிப்பு மிகுந்தவர்களுக்குக் குறைந்த மதிப்பெண் வெகுகாலத்துக்கு முன்பு நடந்ததுபோலவும், உயர்ந்த மதிப்பெண் நேற்று நடந்ததுபோலவும் தோன்றியது. சுயமதிப்புக் குறைந்தவர்களிடம் இந்தச் சாய்வு காணப்படவில்லை. நாட்காட்டிக் கணக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒரே தொலைவுதான் என்பதைக் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டுக் கொள்ளுங்கள், ஏனெனில் கருத்தின் உயிர்நாடியே அதில்தான் இருக்கிறது. முந்தைய முயற்சியின் தோல்வியை இன்றும் தம் அடையாளமாகவே சுமந்து திரியும் தேர்வர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வே நினைவுக்கு வருகிறது.

வருங்காலத்துக்கு ஹேசல் மார்க்கஸும் பௌலா நூரியஸும் 1986-இல் எழுதிய கட்டுரையே அடித்தளம். ஆக விரும்பும் நான், ஆகக்கூடிய நான், ஆகிவிடுவோமோ என்று அஞ்சும் நான் ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதிப் பாருங்கள். முதலாவதைப் பற்றிக் கனவு காண்பது எளிது. தேர்வர்களின் சுவரொட்டிகள் எல்லாமே அதைத்தான் பேசுகின்றன. ஆனால் டாஃப்னா ஆய்சர்மனும் மார்க்கஸும் 1990-இல் பதின்வயதினரிடம் நடத்திய ஆய்வில், எதிர்பார்ப்பும் அச்சமும் ஒரே துறையில் எதிரெதிரே அமையும் சமநிலை, குற்றச்செயல்களில் ஈடுபடாதவர்களிடமே மிகுதியாகக் காணப்பட்டது. படிப்பைப் பொறுத்தவரை இதைப் பின்பற்ற விரும்புபவர், தேர்ச்சி பெற்ற தம் உருவத்துக்குப் பக்கத்திலேயே, புள்ளியியலைக் கடைசிவரை தள்ளிப்போட்ட உருவத்தையும் எழுதி, இரண்டாவதைத் தவிர்க்க இந்த வாரம் செய்யவேண்டிய ஒரு வேலையையும் குறிப்பது நல்லது.

வருங்கால நானைக் கண்ணால் காண்பது பற்றியும் ஓர் ஆய்வு உண்டு: ஹால் ஹெர்ஷ்ஃபீல்டும் உடன் ஆய்வாளர்களும் 2011-இல், முதுமைத் தோற்றத்துக்கு மாற்றப்பட்ட தம் முகத்தைக் கண்டவர்கள் ஓய்வுக்காலச் சேமிப்புக்கு அதிகம் ஒதுக்கியதைக் காட்டினர். இது பணம் குறித்த தீர்மானங்களில் மட்டும் கண்டறியப்பட்டது. படிப்புப் பழக்கத்துக்கும் பொருந்தும் என்று நீட்டிச் சொல்லும் விடையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.