நான்கு அறைக்கும் ஒரே பாட்டு: பெரம்பூர் வீட்டில் ஆறு வாரம்

எங்கள் வீடு பெரம்பூரில், மூன்றாவது மாடியில். ஹால், சமையலறை, இரண்டு படுக்கையறை. ஹாலில் இருப்பது அப்பா 1986இல் சொந்தமாகப் பூட்டிய ஆம்ப்ளிஃபையர். 2என்3055 டிரான்சிஸ்டர் போட்டது. ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கி, ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து ராத்திரியில் உட்கார்ந்து ஈயம் வைத்தாராம். கூடவே இரண்டு பிளைவுட் பெட்டி, எட்டு அங்குல ஸ்பீக்கர். இன்றைக்கும் தம்புராவை அவ்வளவு நிறைவாகக் கொடுக்கும்.

காலையில் பாட்டு போட்டால் அடுப்பின் முன்னால் நிற்கும் அம்மாவுக்கும் கேட்க வேண்டும். அதற்காக ஹாலில் சத்தத்தைக் கூட்டுவோம். அப்பாவுக்கு ஒரு காது மந்தம், அதனால் தன் அறையில் தனி ரேடியோ வைத்துக்கொள்வார். நடுவில் நான் லேப்டாப்பில் மீட்டிங். இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது. வயர்லெஸ்ஸாக எல்லா அறையிலும் ஒரே பாட்டு ஓடும் ஸ்பீக்கர் அமைப்புகள் கொடுக்கும் காசுக்குத் தகுமா என்று பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். ஆறு வாரமாக எழுதி வைத்த குறிப்புகள் இவை.

முதல் வாரம்

அண்ணா சாலையில் ஒரு ஷோரூமில் போய்க் கேட்டுப் பார்த்தேன். அருமையாக இருந்தது. போனில் தொட்டால் போதும், அடுத்த அறை ஸ்பீக்கரும் சேர்ந்துகொள்கிறது. அறைக்கு 25,000 ரூபாய்க்குக் குறையாது என்றார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு லட்சம் ஆகும்.

பணத்தைவிட ஆயுள்தான் எனக்கு உறுத்தியது. அப்பாவின் பெட்டிக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. இந்த வகைக் கருவிகளோ உள்ளே ஓடும் மென்பொருள் எத்தனை நாளோ அத்தனை நாள்தான். சோனோஸ் 2005இல் முதல் கருவியை விற்று இந்தத் துறையை வளர்த்த நிறுவனம். தன் பழைய கருவிகள் சிலவற்றுக்குப் புதிய வசதிகள் தருவதை 2020 மே மாதத்தோடு நிறுத்திக்கொண்டது. பழைய ஸ்பீக்கரை வைஃபையில் சேர்க்கும் கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015இல் வந்தது, 2019இல் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். 2025 மார்ச்சில் அதற்குள் இருந்த பத்து வருட டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, திருத்தம் வரும்வரை சில நாள் பல வீடுகளில் வேலை செய்யவில்லை. லாஜிடெக்கின் ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற நெட்வொர்க் பாட்டுக் கருவியின் கதை வேறு. 2012இல் தயாரிப்பு நின்றும் இன்றைக்குப் பலர் ஓட்டுகிறார்கள். அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலம், அதாவது யாரும் எடுத்துத் திருத்தலாம் என்பதால், பயன்படுத்துபவர்களே லிரியான் என்ற பெயரில் பராமரிக்கிறார்கள்.

இதைப் படித்ததும் முடிவு செய்துவிட்டேன். இருக்கிற ஸ்பீக்கர்கள் அப்படியே இருக்கட்டும், மூளையை மட்டும் புதிதாக வைப்போம்.

இரண்டாவது வாரம்

ஒரு அறைக்கு வாங்கியது: ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு 1,800 ரூபாய், டிஜிட்டல் பாட்டை ஸ்பீக்கருக்கான ஒலியாக மாற்றும் பிசிஎம்5102 டாக் போர்டு 400, மெமரி கார்டு 400, அடாப்டர் 350. இதுபோல மூன்று செட். ஹாலுக்கு வீட்டில் சும்மா கிடந்த ராஸ்பெரி பை 3, அதற்கும் ஒரு டாக் போர்டு. படுக்கையறை இரண்டிலும் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்கள் இருந்தன. சமையலறைக்கு மட்டும் சின்ன ஆம்ப்ளிஃபையரும் நான்கு அங்குல ஸ்பீக்கரும் 1,900க்கு வாங்கினேன். எல்லாம் சேர்த்து 11,150 ரூபாய்.

மென்பொருள் ஸ்னாப்காஸ்ட், இலவசம். ஹாலில் உள்ள பைதான் மற்றவற்றுக்குப் பாட்டை அனுப்பும் சர்வர், அது லேன் கேபிளில் ரௌட்டரோடு இருக்கிறது. மற்றவை வைஃபையில்.

தனி மென்பொருள் எதற்கு, நான்கிலும் ஒரே இணைய வானொலியைப் போட்டுவிட்டால் ஆயிற்றே என்று முதலில் நினைத்தேன். போட்டும் பார்த்தேன். ஹாலுக்கும் சமையலறைக்கும் இரண்டு மூன்று நொடி வித்தியாசம். சரி, ஒரே நேரத்தில் தொடங்கினால்? அதுவும் நிற்காது. ஒவ்வொரு போர்டிலும் உள்ள கிரிஸ்டல் கடிகாரம் கொஞ்சம் முன்பின் ஓடும். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால் நிமிடத்துக்கு 3 மில்லி செகண்ட், ஒரு மணி நேரத்தில் 180. ஒரு கச்சேரி முடிவதற்குள் இரண்டு அறையும் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஸ்னாப்காஸ்ட் ஒலியைச் சின்னத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிலும் எப்போது ஒலிக்க வேண்டும் என்று நேரம் குறித்து அனுப்புகிறது. அறையில் உள்ள பை, சர்வர் கடிகாரத்தோடு தன் கடிகாரத்தை ஒப்பிட்டுக்கொண்டே, தேவைப்பட்டால் ஓரிரு ஒலிப்புள்ளியை விட்டும் சேர்த்தும் ஈடுகட்டுகிறது. காதுக்குத் தெரிவதில்லை.

மூன்றாவது வாரம்

ஒத்து ஓடுகிறதா என்று சோதிக்க அப்பாவைவிட நல்ல கருவி கிடைக்காது. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் நிலைப்படியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். அவரே கேசட்டில் பதிந்து வைத்திருந்த ஒரு கச்சேரியின் தனி ஆவர்த்தனம். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே வந்தவர் சட்டென்று கையை நிறுத்தினார்.

“ஒரு தட்டு ரெண்டு தட்டா விழுதும்மா. தோம் வந்துட்டு, அதுக்குப் பின்னாடியே இன்னொரு தோம்.”

எனக்கு அது லேசான எதிரொலி மாதிரிதான் கேட்டது. போனை இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் வைத்து, 'டக்' என்ற ஒற்றை ஒலியை ஓடவிட்டுப் பதிவு செய்தேன். கம்ப்யூட்டரில் விரித்துப் பார்த்தால் இரண்டு முனை, நடுவில் 38 மில்லி செகண்ட். டாக் போர்டு வந்து சேராததால் சமையலறையில் தற்காலிகமாக ஒரு பழைய யூஎஸ்பி சவுண்ட் கார்டு மாட்டியிருந்தேன். தாமதம் அதில்தான். அந்த அறைக்கு மட்டும் 38 ஈடு கொடுத்ததும் இரண்டு முனையும் ஒட்டிக்கொண்டன. பிறகு போர்டு வந்து மாட்டியபோது ஈடே தேவைப்படவில்லை.

ஒலி காற்றில் வரவும் நேரம் ஆகும். நம் ஊர் 30 டிகிரி வெயிலில் நொடிக்குச் சுமார் 349 மீட்டர். நிலைப்படியிலிருந்து ஹால் ஸ்பீக்கர் நான்கு மீட்டர், சமையலறை ஸ்பீக்கர் ஒரு மீட்டர். ஆக, 9 மில்லி செகண்ட் வித்தியாசம் எப்படியும் இருக்கும். ஹெல்முட் ஹாஸ் 1949இல் ஆராய்ந்து எழுதியது இதைத்தான்: ஒரே ஒலி சிறு இடைவெளியில் இரண்டு முறை வந்தால் காது அதை ஒன்றாகவே சேர்த்துக்கொள்ளும், முதலில் வந்த திசையிலிருந்து வருவதாக எடுத்துக்கொள்ளும். பேச்சுக்கு அந்த இடைவெளி 30, 40 மில்லி செகண்ட்கூடத் தாங்கும். மிருதங்கம்போல் தெறித்து விழும் ஒலிக்கு அவ்வளவு தாங்காது. அதனால்தான் நான் தவறவிட்டதை அப்பா பிடித்தார். ஒரு காது மந்தமானவர் அதைப் பிடித்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்.

நான்கு, ஐந்தாவது வாரம்

தொல்லைகள் வந்தன. அம்மா மைக்ரோவேவில் பால் சுட வைக்கும்போதெல்லாம் சமையலறையில் பாட்டு விக்கிற்று. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது, ஜீரோ 2 டபிள்யூவுக்கோ 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான். ரௌட்டரை 1ஆம் சேனலுக்கு மாற்றி, சமையலறைப் பையை அடுப்பிலிருந்து எதிர்ச் சுவர் அலமாரிக்கு நகர்த்தியதும் சரியாகிவிட்டது. என் அறையில் அவ்வப்போது விட்டுவிட்டு வந்தது, மின்சாரத்தை மிச்சப்படுத்தும் வைஃபையின் பவர் சேவ் வசதியை நிறுத்தியதும் போயிற்று.

அப்புறம் ஒரு நாள் கரண்ட் போய் வந்ததில் அப்பா அறை மெமரி கார்டு கெட்டுவிட்டது. திரும்ப எழுத ஒரு சாயங்காலம் போயிற்று. இப்போது எல்லாக் கார்டையும் ஓவர்லே முறையில், அதாவது ஓடும்போது கார்டில் எதுவும் எழுதாதபடி வைத்திருக்கிறேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். நீங்கள் செய்தால் மறக்க வேண்டாம்.

ஆறாவது வாரம்

போனில் ஒலி அளக்கும் ஆப்பை வைத்துப் பார்த்தேன். துல்லியமான கருவி இல்லை, ஒப்பிடப் போதும். முன்பு அடுப்பருகே 58 டெசிபல் கேட்க, ஹாலில் 76 வைக்க வேண்டியிருந்தது. இப்போது ஹாலில் 60, சமையலறையில் 62. அப்பா அறையில் மட்டும் 70, கதவைச் சாத்தினால் அது அவருக்கு மட்டும். என் அறையை மீட்டிங் நேரத்தில் மியூட் செய்துவிடுகிறேன், மற்ற அறைகளில் பாட்டு நிற்பதில்லை.

நிறைய ஸ்பீக்கர், நிறைய சத்தம் என்றுதான் எதிர்பார்த்தேன். வீடு அமைதியாகிவிட்டது. இந்த அமைப்பின் மதிப்பு எனக்கு இதுதான், வீட்டில் காது மந்தமானவர் இருந்தால் இரட்டிப்பு மதிப்பு. “இப்ப கத்திக் கூப்பிட வேண்டியதில்லடி, தாளிக்கிற சத்தம்கூட தனியா கேக்குது” என்றார் அம்மா.

ஒரு அறையில் மட்டும் பாட்டு கேட்பவர்களுக்கு இது எதுவும் வேண்டாம், அந்தக் காசில் நல்ல ஸ்பீக்கர் ஒன்று வாங்கலாம். கருப்புத் திரையில் கட்டளை அடிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குக் கடையில் வாங்குவதே சரி, அந்த ஒரு லட்சம் வீண் என்று சொல்ல மாட்டேன். டிவிக்கு ஸ்னாப்காஸ்ட் ஒத்துவராது. இயல்பாகவே ஒரு நொடி தாமதித்துத்தான் ஒலிக்கும், வாயசைவும் பேச்சும் பொருந்தாது.

பால்கனிக்கு ஐந்தாவது செட் வைக்கும் வேலை மீதி இருக்கிறது. மழைச்சாரல் படாத டப்பா தேடுகிறேன். அப்பா தன் பழைய பிளைவுட் துண்டில் ஒரு பெட்டி அறுத்துத் தருகிறேன் என்று டேப்போடு அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்.