தீர்ந்துபோகுமா தம்பி, கேஸ்?

ஏசி ரிப்பேருக்குப் போயிருந்த வீட்டில், "ஏசியில கேஸ் தானா தீர்ந்துபோகுமா தம்பி?" என்று அந்த வீட்டு அம்மா கேட்டார்கள். "ஆமாம்மா, ரெண்டு வருஷம் ஓடினா குறையத்தான் செய்யும்" என்றேன். பேச்சு அவ்வளவுதான். பில் எழுதினேன், அவங்க பணம் கொடுத்தாங்க.

ஏசியில் கேஸ் தீராது. கம்ப்ரசர், காயில், செம்புக் குழாய் எல்லாம் சேர்ந்து மூடிய ஒரே வளையம். உள்ளே போன கேஸ் திரவமாகும், ஆவியாகும், மறுபடி திரவமாகும், சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது, அல்லது போட்டவர் அன்றைக்கே குறைத்துப் போட்டிருக்கிறார். நம்ம ஊரில் 'கேஸ்' என்ற வார்த்தையே சிக்கல். அடுக்களையில் இருக்கிற சிலிண்டர் ஒன்றரை மாதத்தில் தீர்கிறது, அதனால் ஏசியிலும் தீரும் என்று யாரும் நினைப்பார்கள். அந்த நினைப்பை நாங்கள் திருத்துவதில்லை.

அன்றைக்குப் பிழையைக் கண்டுபிடித்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றரை டன், கேஸ் ஆர்-32 வகை, கம்ப்ரசர் ஒரே வேகத்தில் ஓடுகிற இன்வெர்ட்டர் இல்லாத மெஷின். ஃபில்டர் சுத்தமாக இருந்தது, காற்றைத் தள்ளுகிற புளோயர் நல்ல வேகத்தில் ஓடியது. ஆனால் கூலிங் காயிலில் ஒரு மூலையில் மட்டும் பனி. இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃபில்டர் அடைத்தோ புளோயர் மந்தமாகவோ இருந்தால் காயில் முழுக்க வெள்ளையாகி, தடித்த குழாய் வரை பனி இறங்கும். கேஸ் குறைந்தால் கேஸ் நுழைகிற பக்கத்தில் மட்டும் பனி கட்டும், மீதிக் காயில் தொட்டால் குளிர்ச்சியே இருக்காது. வெளியே இருக்கிற பெட்டியில், அதாவது அவுட்டோரில், மெல்லிய குழாயின் வால்விலும் பனி இருந்தது. வயரைக் கவ்வி மின்சாரத்தை அளக்கிற கிளாம்ப் மீட்டர் 5 ஆம்பியருக்குக் கீழே காட்டியது, ஓட வேண்டியது 7-க்குப் பக்கத்தில். கம்ப்ரசரைக் கிளப்பிவிடுகிற கெப்பாசிட்டர் போயிருந்தால் இப்படி இருக்காது. கம்ப்ரசர் உறுமிவிட்டு ஓவர்லோடில் நின்றுவிடும், ஆம்பியர் ஏறுமே தவிர இறங்காது. அழுத்தம் அளக்கிற கேஜ் மாட்டினேன், ஓடும்போது 70 பிஎஸ்ஐ. ஆர்-32-க்கு 120-ஐ ஒட்டி இருக்க வேண்டும்.

ஒழுகுகிற இடமும் கிடைத்தது. மெல்லிய குழாயின் விரித்த வாயை வால்வோடு இறுக்குகிற ஃபிளேர் நட்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து, அதில் தூசி ஒட்டிக் கறுப்பு வளையமாக நின்றது. கேஸ் வெளியேறினால் கம்ப்ரசர் எண்ணெயும் கொஞ்சம் சேர்ந்துதான் வரும், அதனால் கறை இருக்கிற இடத்தில் சோப்புத் தண்ணி தடவினால் போதும். மெஷினை நிறுத்தி, அழுத்தம் ஏறட்டும் என்று ஐந்து நிமிஷம் விட்டுத் தடவினேன். கடுகளவு நுரை, ஒன்றன்பின் ஒன்றாக. இரண்டு ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். கால் திருப்புகூட இல்லை, நுரை நின்றது. சிலிண்டரைத் தராசில் வைத்து 250 கிராம் ஏற்றினேன். ஆம்பியர் 7-க்கு வந்தது. அறைக் காற்றுக்கும் கிரில்லில் வரும் காற்றுக்கும் 11 டிகிரி வித்தியாசம்.

அப்படியானால் அந்தக் கேள்விக்கு நேர்ப் பதில் என் கையில் இருந்தது. "தீராதும்மா, இந்த நட் ஒழுகியிருக்கு." இதைச் சொல்ல மூச்சு பிடிக்க வேண்டியதில்லை.

அந்த நட்டை ரெண்டு வருஷத்துக்கு முன்னால் மாட்டியவன் நான்.

சரி, நான் சரியாகத்தான் மாட்டியிருப்பேன் என்றும் தோன்றும். கால் இஞ்ச் நட்டுக்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர் இறுக்கம் என்று கணக்கு. இறுக்கத்தை அளக்கிற டார்க் ஸ்பேனர் யாரும் பையில் வைத்திருப்பதில்லை, கை அறியும். அவுட்டோர் சுவர்ப் பிராக்கெட்டில் ரப்பர் இல்லாமல் நின்றது, அதிர்வில் நட் தளர்ந்திருக்கலாம். ரப்பர் வாங்கித் தரச் சொல்லி அன்றைக்கே சொன்னதாக ஞாபகம். சொன்னேனா? இப்போது உறுதியாகச் சொல்ல வரவில்லை. குழாயை வெட்டிய பிறகு பிசிறை வழிக்காமல் ஃபிளேர் அடித்திருந்தாலும் இதே மாதிரிதான் ஒழுகும், ரெண்டு வருஷம் கழித்து.

இறுக்கியதும் சரியான வேலை இல்லை. ஃபிளேரின் முகத்தில் கீறல் இருந்தால் இறுக்கினால் நிற்பது போல் நிற்கும், மறுபடி ஒழுகும். ரொம்ப இறுக்கினால் செம்பு பிளந்துவிடும். முறைப்படி கேஸை வெளியே எடுத்து, குழாயை வெட்டிப் புது ஃபிளேர் அடித்து, நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்து, அரை மணி நேரம் வேக்குவம் போட்டு உள்ளே இருக்கிற காற்றை இழுத்து, மெஷின் பிளேட்டில் எழுதியிருக்கிற கிராமை எடை போட்டு ஏற்ற வேண்டும். கேஸை அவுட்டோருக்குள்ளேயே இழுத்து அடைத்து, பம்ப் டவுன் பண்ணிவிடலாமே என்பார்கள். ஒழுகுகிற மெஷினில் அப்படிச் செய்தால் ஒழுகுகிற வழியாகக் காற்றை இழுத்துக்கொள்ளும். காற்றும் எண்ணெயும் சேர்ந்து கம்ப்ரசர் வெடித்ததும் உண்டு. ஆக, அரை நாள் வேலை. மே மாசம், அன்றைக்கு இன்னும் நாலு வீடு பாக்கி. உள்ளே குழந்தை வேர்த்து அழுதுகொண்டிருந்தது. அந்த வீட்டுக்கு அன்று தேவைப்பட்டது குளிர், அதைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

பில்லில் போட்ட 2,500 ரூபாய்க்கு என்ன பதில் என்று கேட்டால், கேஸுக்குக் காசு உண்டு, கூலிக்கும் உண்டு. என் நட் ஒழுகினால் கூலியும் கேட்கலாமா என்பதுதான் விஷயம். உண்மையைச் சொல்லியிருந்தால் அவங்க பாதியை மட்டும் கொடுத்திருக்கவும் கூடும். நான் சொல்லவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

சரியாக ரெண்டு வருஷம் கழித்து அதே நம்பரில் இருந்து போன். "தம்பி, ரெண்டு வருஷம் ஆயிடுச்சு, கேஸ் போட்டுடுங்க. நல்லா கூலிங் வருது, இருந்தாலும் தீர்றதுக்கு முன்னாடியே போட்டுடலாம்."

போனேன். பனி இல்லை, நட்டில் எண்ணெய் இல்லை, ஆம்பியர் 7. கேஜே மாட்ட வேண்டாம். ஒவ்வொரு தடவை மாட்டிக் கழற்றும்போதும் ஹோஸில் இருக்கிற கேஸ் புஸ்ஸென்று போகும், நல்ல மெஷினுக்கு அது வீண். ஆனால் அவங்க பக்கத்திலேயே நின்றாங்க, பார்க்காமல் சொன்னால் நம்ப மாட்டாங்க. மாட்டினேன். 122.

"இருக்கும்மா, போட வேண்டாம்."

"நீங்கதானே ரெண்டு வருஷத்துல குறையும்னு சொன்னீங்க? எதிர்வீட்டம்மாகிட்டகூட சொல்லி, அவங்க போன மாசம் போட்டுட்டாங்க."

எதிர்வீட்டில் போட்டது நான் இல்லை. அங்கே யார் வந்தார்களோ, மெஷினில் கேஸ் நிரம்பியிருந்தும் ஏற்றினார்களோ தெரியாது. அதிகமாக ஏற்றினாலும் கூலிங் குறையும், அவுட்டோர் பக்கம் அழுத்தம் ஏறிக் கம்ப்ரசர் சூடாகும். வெயில் உச்சியில் ட்ரிப் ஆகும்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "உங்க மெஷின் நல்ல மெஷின்மா. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

ஹோஸைக் கழற்றி மூடியைத் திருகினேன். உள்ளே வந்து கை கழுவும்போது பார்த்தேன், அந்த அம்மா சுவரில் மாட்டியிருந்த காலண்டரின் கடைசித் தாளில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தாங்க: ஏசி, கேஸ், அடுத்த மே.