கல்யாண சிடியில் நூற்ற ஸ்வெட்டர்

எங்கள் திருநெல்வேலிச் சீமையில் ஆட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கீழக்கரிசல் இனமோ வேம்பூர் இனமோ, உடம்பில் இருப்பது முடிதான். கறிக்கு ஆகும், கம்பளிக்கு ஆகாது. தம்பி மகனுக்கு நானே நூல் நூற்று ஸ்வெட்டர் பின்ன ஆசை; அதற்கு நீலகிரி ஆடு வேண்டும். ஊட்டியில் வேலை பார்க்கும் தம்பி, பக்கத்து வீட்டில் கத்தரித்த கம்பளியைப் பையில் அடைத்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தான். 900 கிராம். பையைத் திறந்ததும் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். “கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு? இந்த வெயில்ல கம்பளியா?”

சோப்புத் தூள் கரைத்த வெந்நீரில் ஊறப்போட வேண்டும், கசக்கவே கூடாது. கசக்கினால் கம்பளி ஒன்றோடொன்று பிடித்து இறுகிவிடும். மூன்று தண்ணீர் மாற்றினேன். கொழுப்பும் மண்ணும் போய், காய்ந்தபின் 520 கிராம்தான் மிச்சம். ஆடிக் காற்றில் மொட்டை மாடியில் காயப்போட்டது என் தப்பு. பக்கத்து வீட்டு ஆச்சியின் மிளகாய் வற்றல் மேலெல்லாம் கம்பளி, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அம்மா பள்ளிக்கூடத்தில் பஞ்சு நூற்ற பித்தளைத் தக்கிளி, அதாவது கையால் சுற்றிவிட்டு நூற்கும் சின்னக் கதிர், வீட்டில் இருந்தது. என் தடித்த இழைக்கு அதன் எடை போதவில்லை. எதிலும் ஓடாமல் கிடந்த எங்கள் கல்யாண சிடிகள் இரண்டைச் சேர்த்து, ஓட்டையில் மூங்கில் குச்சி செருகி, மேலே கொக்கி மாட்டினேன். அருமையாகச் சுற்றியது. ஒரு பக்கம் சுற்றி இரண்டு இழை நூற்று, அவற்றைச் சேர்த்து எதிர்ப்பக்கம் முறுக்க வேண்டும். ஒற்றை இழையில் பின்னினால் முறுக்கு இழுத்து ஸ்வெட்டர் கோணிக்கொள்ளும்.

இதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். கோட்டைவிட்டது வேறிடத்தில். நூற்ற வரிசையிலேயே எடுத்துப் பின்னினேன். முதலில் நூற்ற நூல் சிட்டங்கள் கயிறு மாதிரி. கை பழகப் பழக நூல் மெலிந்துகொண்டே போயிருக்கிறது. முதுகு 60 கண்ணிக்கு (ஊசியில் ஏற்றும் வளையம்தான் கண்ணி) 36 செ.மீ. அகலம், முன்பக்கம் அதே 60 கண்ணிக்கு 31! மூன்று வாரப் பின்னலை ஒரே ராத்திரியில் பிரித்தேன். அழுகை வந்தது, பொய் சொல்வானேன். நூலை நனைத்துக் கொடியில் தொங்கவிட்டுச் சுருள் நீக்கி, அப்புறம் தடித்த உருண்டை ஒன்று, மெல்லியது ஒன்று என வைத்துக்கொண்டு, இரண்டு வரிக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பின்னினேன். உற்றுப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். பார்க்கட்டும்.

மார்கழி பிறக்குமுன் அனுப்பிவிட்டேன். தம்பி மகனுக்கு நாலு வயது. போனில், “அத்தை, ஆட்டு வாசம் வருது” என்றான். மூன்று தண்ணீர் போதவில்லை போல.