நாயில்லாமல் 14 நாள் வாக்கிங்

போன ஆண்டு ஜூலையில் இரண்டு வாரம் எங்கள் தெருவுக்கு ஒரு வேடிக்கை கிடைத்தது. காலை ஆறு மணிக்கு என் மகள் ஒரு சிவப்புக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு பிள்ளையார் கோயில் வரை நடந்துபோய்த் திரும்புவாள். கயிற்றின் மறுமுனையில் நாய் இருக்காது. பால் போடுகிறவர் மூன்றாம் நாள் கேட்டே விட்டார்: "பாப்பா, நாய் ஓடிப்போச்சா?" "இன்னும் வரவே இல்ல அண்ணா" என்றாளாம்.

அது என் அப்பாவின் யோசனை. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

மகளுக்கு அப்போது 13 வயது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். சென்னை நங்கநல்லூரில் மூன்றாவது மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. அம்மா போன பிறகு அப்பா எங்களோடு இருக்கிறார். பள்ளி விட்டு மகள் நாலரை மணிக்கு வந்தால், நான் வர ஏழாகும். அதுவரை தாத்தா ஓர் அறையில் டிவியோடு, பேத்தி இன்னோர் அறையில் செல்போனோடு. அம்மா இருந்தபோது அந்த இரண்டரை மணி நேரம் பேச்சும் பஜ்ஜியுமாக ஓடும். போதாக்குறைக்கு மகளுடைய நெருங்கிய தோழியும் அந்த ஆண்டு பள்ளி மாறிவிட்டாள். "எனக்கு ஒரு நாய் வேணும்மா, சின்னதா" என்று கேட்டபோது மறுக்க எனக்கு வாய் வரவில்லை. அப்பாதான் மறுத்தார். நாய் என்றால் வாசலில் கிடக்க வேண்டும். கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுப்பதெல்லாம் அவர் ஊரில் கேள்விப்படாத கதை.

மகள் மனதில் இருந்தது பக். 2003இல் ஹட்ச் செல்போன் நிறுவன விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே போன அந்தச் சப்பை மூக்கு நாயை எங்கள் தலைமுறை மறக்கவில்லை. இவள் அப்போது பிறக்கக்கூட இல்லை, ஆசை மட்டும் எப்படியோ வந்து ஒட்டிக்கொண்டது. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். மூக்கு நசுங்கிய பக்குக்கு அதுவே திண்டாட்டம். எங்கள் வீடோ மொட்டை மாடிக்கு நேர் கீழே. ஏசி ஓர் அறையில்தான். மே மாதத்தை நினைத்துப் பார்த்தோம், பக் போயிற்று.

டாக்ஸ்ஹண்ட் பாவமாக இருந்தது. நீள முதுகு, குட்டைக் கால். முதுகெலும்புத் தட்டு விலகுவது அந்த இனத்தில் சகஜம். அதைப் போய் தினமும் மூன்று மாடி ஏறி இறங்கச் சொல்வதா? "தூக்கிட்டு வருவேன்" என்றாள். "மழையில, புத்தகப் பையோடயா?" என்றேன். பீகிள் பார்க்கத்தான் சின்னது. மோப்பம் பிடித்து முயல் துரத்த வளர்த்த இனம் அது. ஓடவிடாவிட்டால் சோபாவைத் தின்னும், குரலோ அடுத்த தெருவுக்குக் கேட்கும். சிவாவா சோபாவிலிருந்து தவறிக் குதித்தாலே கால் எலும்பு முறியக்கூடும். அப்பா கண்ணாடி போடாமல் வீட்டில் உலவுகிறவர். கடைசியில் மிஞ்சியது ஷிட்ஸு. அதற்கும் சப்பை மூக்குதான் என்பதை அந்த நேரத்தில் வசதியாக மறந்துவிட்டோம்.

குட்டி விற்கும் ஒருவரிடம் போனோம். பெயரும் இடமும் வேண்டாம். 25,000 ரூபாய் சொன்னார். வயது 35 நாள். தாய் நாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அது வேற இடத்துல இருக்கு மேடம்." எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்பது 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளிலேயே இருக்கிறது. பதிவுச் சான்று கேட்டதற்குச் சிரித்தார். குட்டிக்குக் கண்ணோரம் பீளை, உடம்பு ஒல்லி, வயிறு மட்டும் உப்பல். அது மகளின் விரலைக் கவ்வி விளையாட, "குட்டி பல்லு பட்டா ஒண்ணும் ஆகாது" என்றார். நான் அவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆட்டோவில் வழி முழுக்க அழுதாள். எனக்கும் இரண்டு நாள் அந்தக் குட்டியின் முகம்தான். ஆனால் நாங்கள் பணம் கொடுத்திருந்தால், அந்தக் கூண்டில் மறுநாளே இன்னொரு 35 நாள் குட்டி உட்கார்ந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கையை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வைத்தேன். நல்லவேளை, தோலில் கீறல் எதுவும் இல்லை. கீறியிருந்தால், ரத்தம் வராவிட்டாலும் அன்றே ஊசிக்கு மருத்துவமனை போயிருக்க வேண்டும். குட்டிக்கு ரேபிஸ் வராது என்பது வெறும் ஊர்ப்பேச்சு.

இதைச் சொன்னவர் எங்கள் பகுதி கால்நடை மருத்துவர். நாய் இல்லாமலே டோக்கன் வாங்கிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தோம். எந்த இனம் நல்லது என்று நாங்கள் கேட்க, அவர் பதிலுக்கு எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பற்றிக் கேட்டார். யார் எத்தனை மணிக்கு எழுவார்கள், எத்தனை மணி நேரம் வீடு பூட்டியிருக்கும், இரவு கடைசியாக விளக்கணைப்பது யார்? சின்னக் குட்டிக்கு ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வேளை சாப்பாடு. இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் போக வேண்டும். பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய்ப் பயத்தால், தடுப்பூசி வரிசை முடியும்வரை தெருவில் இறக்கவும் முடியாது. இரவில் அழும். "ரெண்டு மணிக்கு யார் எழுந்திருப்பீங்க?" "நான்" என்றாள் மகள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த உண்ணி மருந்து விளம்பரத்தைப் பார்த்தேன்.

அன்று இரவுதான் அப்பா, துணி காயப்போடும் நைலான் கயிற்றில் ஒன்றரை மீட்டர் வெட்டி அவள் கையில் கொடுத்தார். "நாய் இல்லாமலே ஒரு பதினாலு நாள் நாயைக் கூட்டிட்டுப் போ. அப்புறம் பேசலாம்." காலை ஆறு, மாலை ஐந்து, இரவு ஒன்பது. போய் வந்ததும் நோட்டில் ஒரு டிக் போட வேண்டும். அவள் ஆசையைக் கைவிட வைக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நான் நினைத்தேன்.

மொத்தம் 42 டிக் விழ வேண்டும். விழுந்தது 31. காலையில் 11, இரவில் வெறும் 6. வீட்டுப்பாடம், மழை, தூக்கம் என்று இரவுக்குத் தினம் ஒரு காரணம். மாலையில் மட்டும் 14. அப்பா அந்த நோட்டை ஆடிட்டர் மாதிரி இரண்டு முறை புரட்டினார். குறை சொல்லத் தொடங்குவார் என்று நான் காத்திருக்க, "சாயங்காலம் ஒண்ணுகூடத் தப்பல பாரு" என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "ராத்திரி நான் போறேன். சுகர் டாக்டர் எப்படியும் நடக்கச் சொல்லியிருக்கார்."

அந்த நோட்டுதான் எங்களுக்கு நாயைத் தேர்ந்தெடுத்தது என்பேன். ஒரு நாளைக்கு மூன்று முறை கீழே இறங்க எங்களிடம் ஆள் இருக்கிறது, எட்டு முறைக்கு இல்லை. ஆகவே குட்டி வேண்டாம், வளர்ந்த நாய். நம் வெயிலுக்கு நாட்டு நாயைப் போலப் பொருத்தம் வேறில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் 18 கிலோ நாய் ஒரு பூனையைக் கண்டு இழுத்தால், இரவில் கயிற்றைப் பிடித்திருப்பது 74 வயது அப்பா.

ஒரு மாதம் கழித்து டாக்டரே அழைத்தார். மடிப்பாக்கத்தில் ஒரு மாமி மகனோடு இருக்க வெளிநாடு போகிறார். அவரிடம் நான்கு வயதுப் பெண் நாய், கருத்தடை ஆனது, ஊசிகள் எல்லாம் அட்டையில் சரியாக இருக்கின்றன. மாமி பொமரேனியன் என்றார். டாக்டர் திருத்தினார். நம் ஊரில் பொமரேனியன் என்று கூப்பிடுவதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் மூன்று கிலோதான் இருக்கும், இது ஏழு கிலோ. நீள மூக்கு, ஆகவே மூச்சுத் தொந்தரவு இல்லை. முடிதான் கொட்டும்.

பெண் பார்க்கப் போவது போலக் கிளம்பிப் போனோம். பார்க்கப்பட்டது நாங்கள்தான். "எத்தனை நாழி தனியா விடுவேள்? தீபாவளிக்கு ஊருக்குப் போவேளா? குழந்தை கத்துவாளா?" கேள்வி முடிந்ததும் நாயின் குறைகளை அவரே வரிசையாகச் சொன்னார். குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் ஓடும். காலிங் பெல்லுக்கு விடாமல் குரைக்கும். சீப்பைக் கண்டால் ஒளியும். குட்டி விற்றவரிடம் காணாத இந்த நேர்மையில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

டாக்டர் சொல்லியனுப்பியபடி மகள் தரையில் ஒருக்களித்து உட்கார்ந்தாள். கண்ணைப் பார்க்கவில்லை, கையை நீட்டவில்லை. இருபது நிமிடம். நாய் வந்தது, அவள் முழங்காலை முகர்ந்தது, அப்படியே அவளைத் தாண்டிப் போய் அப்பாவின் பாதத்தில் தாடையை வைத்துப் படுத்துவிட்டது. அப்பா காலை அசைக்காமல் காபி குடித்தார், ஆறியது கூடத் தெரியாமல். பிறகு காது, பாதம், வால் எல்லாம் தொட்டுப் பார்த்தோம். சாப்பிடும்போது பக்கத்தில் நடந்து பார்த்தோம். உறுமவில்லை. "பத்து நாள் வச்சுப் பாருங்கோ. ஒத்துவரலேன்னா வெக்கப்படாம திரும்பக் கொண்டு விடுங்கோ" என்றார் மாமி.

முதல் மூன்று நாள் கதவருகிலேயே கிடந்தது. தட்டைத் தொடவில்லை. "அதுக்கு என்னைப் பிடிக்கல" என்று மகள் மூக்கை உறிஞ்சினாள். நான்காம் நாள் தயிர்சாதத்தில் துருவிய கேரட்டைக் கலந்து வைத்துவிட்டு அவள் போய்ப் படிக்க உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கும்போது தட்டு காலி. கூடாதவற்றின் பட்டியல் இன்றும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது: வெங்காயம், திராட்சை, சாக்லேட். சின்ன வெங்காயச் சாம்பாரும் உலர்திராட்சை போட்ட பாயசமும் இருக்கும் வீட்டில் இது லேசான காரியமில்லை. பண்டிகை நாளில் வரும் உறவினர்தான் எனக்குப் பெரிய பயம்.

குடியிருப்புச் சங்கத்தில் ஒருவர் ஆட்சேபித்தார். செல்லப்பிராணிக்குத் தடை போடச் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்ற விலங்குகள் நல வாரியத்தின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டுதலை அச்செடுத்து வைத்திருந்தேன். எடுத்து நீட்டவில்லை. படியை அசிங்கம் செய்தால் நாங்களே கழுவுகிறோம் என்று எழுதிக் கொடுத்தோம், பேச்சு அடங்கியது. மாநகராட்சி உரிமத்துக்கு ஆன்லைனில் அப்போது 50 ரூபாய், ரேபிஸ் ஊசிச் சான்று. அரிசி மணி அளவு அடையாள மைக்ரோசிப்பைத் தோலுக்கடியில் போட்டபோது மகள்தான் கத்தினாள், நாய் கத்தவில்லை.

பழைய பெயர் ஸ்நோயி. வால் சுருளைப் பார்த்து மகள் முறுக்கு என்று மாற்றினாள். அது இரண்டுக்கும் திரும்புவதில்லை, அப்பாவின் "வாடி"க்கு மட்டும் திரும்புகிறது. படுப்பது அப்பா கட்டிலுக்கு அடியில். இதில் மகளுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் மாலை நாலு இருபதுக்கே அது எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறதாம். பள்ளி வேன் திரும்பும் சத்தத்துக்குக் குரைத்து, அப்பாவை டிவியிலிருந்து எழுப்பிக் கதவைத் திறக்க வைக்கிறது. நான் ஏழு மணிக்கு வரும்போது மூவரும் கூடத்தில்தான் இருக்கிறார்கள், முடி பறக்கும் நடுவில்.

நோட்டை மகள் இன்னும் நிறுத்தவில்லை. இரவுப் பத்தியில் இப்போது டிக் போடுவது அப்பா. ஒரு நாள் மட்டும் காலியாக இருந்தது. பக்கத்தில் "கனமழை. குடை கிடைக்கவில்லை. வராந்தாவில் முடித்துக்கொண்டாள்" என்று விளக்கம் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார்.