மதுரைக்கு போன பதினோரு பேட்டரி

போன மாசம் மதுரையில ஒரு கல்யாணம், வீடியோ எடுக்கற வேலை. பெங்களூர் அல்சூர்ல இருந்து விடிகாலை மூணு மணிக்கே கேப் புடிச்சு ஏர்போர்ட் போய், செக்யூரிட்டில பேட்டரி எல்லாத்தையும் ட்ரேல பரப்பி, அவங்க ரெண்டு தடவ பாத்து விட்டதும் அப்பாடான்னு எல்லாத்தையும் ட்ராலிக்குள்ளயே திணிச்சேன். தப்பு அங்கதான்.

பஸ்ல இருந்து இறங்கி விமானத்துக்கிட்ட போனா படிக்கு கீழ நின்ன பையன் ட்ராலிய புடிச்சுட்டான். சின்ன ஏடிஆர் ப்ரொப்பெல்லர் விமானம், மேல பெரிய பை நுழையாது, லக்கேஜ் அறையில போட்டுடறோம்னு டேக்க கிழிச்சு குடுத்தான். தூக்கக் கலக்கத்துல வாங்கிட்டு ரெண்டு படி ஏறினப்புறம்தான் மண்டையில உறைச்சுது, பேட்டரி மொத்தமும் அதுக்குள்ள.

"தம்பி, அத ஏத்தாதீங்க, பேட்டரி இருக்கு"ன்னு ஓடினேன். "தமிழாண்ணா? சீக்கிரம் எடுங்கண்ணா, கதவ மூடிருவாங்க"ன்னான். ஒரு விமானத்து ஆளுங்க பூரா பாத்துட்டு நிக்க, தரையில குந்தி ட்ராலிய தொறந்து, கல்யாணத்துக்கு எடுத்துட்டு போன வேட்டி ஒரு பக்கம், ஜட்டி ஒரு பக்கம், மானம் போச்சு.

ஏன் இவ்வளவு பதட்டம்னா, லித்தியம் பேட்டரி உள்ள ஷார்ட் ஆச்சுன்னா சூடு தானாவே ஏறிட்டு போகும், ஒரு செல்லு பக்கத்து செல்ல பத்த வைக்கும். லக்கேஜ் அறையில தீயணைக்க ஹேலான் வாயு இருந்தாலும் அது தீய அமுக்கும், ஆனா அந்த சூட்ட நிறுத்தாது. கேபின்ல நம்ம கூட இருந்தா புகை வந்தவுடனே யாராவது பாத்துருவாங்க, க்ரூ தண்ணி ஊத்தி குளுர வைப்பாங்க. அதனாலதான் ஸ்பேர் பேட்டரி, பவர் பேங்க் எதுவுமே செக்-இன்ல கூடாது. மேல லாக்கர்ல போடறதும் எனக்கு புடிக்கல. 2025 ஜனவரில கொரியால கிம்ஹே ஏர்போர்ட்ல கிளம்ப இருந்த ஏர் பூசான் விமானத்துல பின்னாடி லாக்கர்லதான் தீ ஆரம்பிச்சுது, பவர் பேங்க்தான்னு சந்தேகப்பட்டாங்க, 176 பேரும் தப்பிச்சாங்க, விமானத்து கூரை எரிஞ்சு போச்சு. நான் காலடியிலதான் வைப்பேன்.

அளவு கணக்கு ஈஸி, பேட்டரி மேல போட்டிருக்கற எம்ஏஎச்ச ஆயிரத்தால வகுத்து வோல்ட்டால பெருக்குங்க, வாட் அவர், அதாவது பேட்டரியில இருக்கற மொத்த சக்தி, வந்துரும். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 3.7 வோல்ட்டு, 74 தான், நூறுக்குள்ள, தாராளமா போலாம். 30,000ன்னா 111, நூற தாண்டிருச்சு, ஏர்லைன்கிட்ட முன்னாடியே கேக்கணும், அதுலயும் ஸ்பேரா ரெண்டுதான். 160க்கு மேல பேச்சே இல்ல. பெரிய கேமராக்கு போடற வி-மவுன்ட் பேட்டரில 98, 99ன்னு அச்சடிச்சு இருக்கறது இதுக்குத்தான். எழுத்து அழிஞ்சு போன பேட்டரிய எடுத்துட்டு போகாதீங்க, செக்யூரிட்டில நின்னு எவ்ளோ கெஞ்சினாலும் அவங்களுக்கு நம்பர்தான் தெரியணும். உப்பினது வீட்டோட இருக்கட்டும், பெங்களூர் எஸ்பி ரோட்ல சீப்பா கெடைச்சுதுன்னு வாங்கினதுல ஒண்ணு எனக்கு அப்படித்தான் ஆச்சு.

கேமரா ஆடாம புடிக்கற கிம்பலுக்கு போடற உருளை செல்லுதான் ரொம்ப மோசம், ரெண்டு முனையும் மொட்டையா இருக்கும், சில்லறையோ சாவியோ பட்டா போதும். அதுக்குன்னு இருக்கற ப்ளாஸ்டிக் டப்பா சல்லிசுதான், இல்லன்னா முனையில இன்சுலேஷன் டேப்பாவது ஒட்டுங்க.

சரி, மதுரைல இறங்கி ரூம்ல எண்ணினா பத்துதான் இருக்கு. பதினோரு பேட்டரி கொண்டு போனேன். அங்க தேடி இங்க தேடி கடைசில ட்ராலிக்குள்ள ஒரு சாக்ஸ்ல அந்த உருளை செல்லு, ரெண்டு ரூபா காசு கூட. இத்தன கூத்துக்கு அப்புறமும் அது ஜம்முன்னு லக்கேஜ் அறையிலதான் வந்துருக்கு.

இப்ப தோள்ல மாட்டற சின்ன பை ஒண்ணு வச்சுருக்கேன், பேட்டரி மட்டும்தான் அதுல. மூடிக்கு உள்பக்கம் மார்க்கர்ல 11ன்னு எழுதி வச்சுருக்கேன், எண்ணிட்டுதான் ஜிப்ப மூடறது.